புல்லின் மகரந்தத்துக்குப் பெயர் சொல்லுதல்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரமும் உயர்திறன் நுண்ணோக்கிகளும்

புல்லின் மகரந்தத்துகளை நுண்ணோக்கியில் பார்த்தவுடன் அது புல் என்று சொல்லிவிடலாம். எந்தப் புல் என்று சொல்வதுதான் கடினம். உருண்டை வடிவம், ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றித் தடித்த வளையம், துளையின் வாயில் சின்னதாக ஒரு மூடி: இந்த வார்ப்பு உலகின் ஏறத்தாழ 12,000 புல்லினங்களுக்கும் பொது. வரப்பில் படரும் அறுகும், வயலில் நிற்கும் நெல்லும், ஆற்றங்கரை நாணலும், கரும்பும், கேழ்வரகும், மூங்கிலும் பூக்கும்போது ஒரே சாயலில்தான் தூள் விடுகின்றன. அதனால் காற்றில் மிதக்கும் மகரந்தத்தைக் கணக்கெடுப்பவரும், ஏரிச்சேற்றில் புதைந்த மகரந்தத்தை எண்ணுபவரும் மரங்களைத் தனித்தனிப் பெயரில் எழுதிவிட்டு, புற்கள் அனைத்தையும் ‘புல் குடும்பம்’ என்ற ஒரே வரியில் அடைத்துவிடுவது உலக வழக்கமாக இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிரிக்க முடியுமா, எந்தக் கருவியால், எந்த அளவுக்கு என்பதுதான் இங்கே ஆராயப்படும் கேள்வி.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. ஏரிப்பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டில் மூன்று பட்டத்துக்கும் நெல் பயிராகும் மண் இது. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் மேற்கே கரும்பு நிற்கிறது. கொசஸ்தலை ஆற்றின் படுகையில் நாணலும், பழவேற்காட்டு மணல்மேடுகளில் இராவணன் மீசையும் உள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் காலி மனைகளிலும், சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரங்களிலும் அறுகு, மயில்கொண்டைப் புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவை மழை பெய்த சில வாரங்களில் பூத்துவிடுகின்றன. தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். வடக்கே உருக்கு உலைகளும் பேட்டரி மறுசுழற்சிக் கூடங்களும். ஒரே காற்றில் புல்லின் மகரந்தமும் உலைச் சாம்பலும் கலந்து மிதக்கும் இடம் இது. ஒவ்வாமை மருத்துவருக்கு அந்தக் கலவை ஒரு கேள்வி. கடலோரத்தின் பழைய தாவர வரலாற்றைத் தேடுபவருக்குப் பழவேற்காட்டுச் சேறு ஒரு கேள்வி. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் பயிர்ப்பெருக்கம் செய்பவருக்கு மகரந்தத்தின் உயிர்ப்பு ஒரு கேள்வி. மூவருக்கும் வேண்டிய விடை ஒரே நுணுக்கத்தில் இல்லை; எந்த நுண்ணோக்கி போதும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

புற்கள் ஏன் இப்படி ஒன்றுபோல் இருக்கின்றன என்பதற்கு அவற்றின் மகரந்தச் சேர்க்கையே காரணம். பூச்சியை நம்பும் செடிகள் மகரந்தத்தின் மேல் முள், வலை, பசை என்று பலவிதமாக அணிசெய்துகொள்கின்றன. காற்றை நம்பும் புல்லுக்கு அது வேண்டியதில்லை. இலேசான, உலர்ந்த, ஏறக்குறைய வழவழப்பான உருண்டை போதும். வழவழப்பு என்பதும் வெறும் தோற்றம்தான். புறச்சுவர் இரண்டு மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் தடிப்புடையது. அதற்குள் அடித்தளம், அதன்மேல் வரிசையாக நுண்தூண்கள், தூண்களின் மேல் ஒரு கூரை என்று அடுக்குகள் உண்டு. கூரையை ஊடுருவி மிக நுண்ணிய குழாய்கள் செல்கின்றன. கூரையின் மேல் அரை மைக்ரோமீட்டரையும் எட்டாத நுண்முட்கள் அமைந்திருக்கின்றன. இனத்துக்கு இனம் வேறுபடுவது பெரும்பாலும் இந்த நுண்முட்களின் நெருக்கமும் கூட்டமும்தான். சில புற்களில் அவை தனித்தனியே சீராகப் பரவியிருக்கும். சிலவற்றில் திட்டுத் திட்டாகச் சேர்ந்து, இடையே நுண்ணிய வாய்க்கால் ஓடும். சுவரின் பொருள் ஸ்போரோபொலெனின். அமிலத்துக்கும் காலத்துக்கும் எளிதில் அழியாத உயிர்ப்பொருள்களில் இதற்கு ஈடு குறைவு.

இங்கேதான் ஒளியியல் தடை போடுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டியபடி, ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி. நல்ல எண்ணெய் வில்லையோடு பச்சை ஒளியில் பார்த்தால் அது 200 நானோமீட்டர் அளவில் நிற்கும். புல் மகரந்தத்தின் அடையாளம் முழுவதும் இந்த எல்லையின் மீதே உட்கார்ந்திருக்கிறது. புல்லின் மகரந்தமே வைக்கோல் காய்ச்சலுக்குக் காரணம் என்று தன் உடம்பிலேயே சோதித்துக் காட்டிய மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லியின் நூலும் அதே 1873-இல்தான் வெளிவந்தது. நோய்க்குக் காரணமான தூளும், அதைப் பகுத்துப் பார்ப்பதற்கான எல்லையும் ஒரே ஆண்டில் அச்சேறின. அந்த எல்லையைக் கடக்க நெடுங்காலம் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் மகரந்தவியல் துறையாக வளர்ந்தது. சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் 1916-இல் சதுப்பு நிலத்து மகரந்தத்தை எண்ணிக் காலவரிசைப் படமாக வரைந்து காட்டினார். அவர் நாட்டவரான குன்னர் எர்ட்மன் வகுத்த அசிட்டாலிசிஸ் முறை இன்றும் ஆய்வகங்களில் அன்றாட வேலை: ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு ஒரு பங்கு கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் துகளின் உள்ளீடும் உள்சுவரும் கரைந்து, பழுப்பேறிய புறச்சுவர் மட்டும் மிஞ்சும். துளையும் வளையமும் சுவரின் அடுக்கும் அப்போதுதான் தெளிவாகும். துறையின் ஆங்கிலப் பெயரை ஹைடு, வில்லியம்ஸ் என்ற இருவர் 1944-இல் இட்டனர்.

ஒளி நுண்ணோக்கியில் மேற்பரப்பு பிடிபடாததால் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அளவை நம்பினார்கள். துகளின் விட்டமும் துளை வளையத்தின் விட்டமும் ஓர் எல்லையைத் தாண்டினால் அது தானியம், குறைந்தால் காட்டுப்புல் என்ற விதி எழுந்தது. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1979-இல் வளையத்துக்கு 8 மைக்ரோமீட்டர் என்ற அளவை முன்வைத்தார். கோதுமையும் பார்லியும் விளையும் நாட்டில் இது ஓரளவு கைகொடுத்தது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அப்படியே எடுத்தாள முடியாது. இங்கே பெரிய துகள் மக்காச்சோளத்துக்கு உண்டு. 80 மைக்ரோமீட்டரைத் தாண்டும் அதை யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இந்த மண்ணின் பழைய பயிர்களான நெல், கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றின் துகள்கள் காட்டுப் புற்களின் அளவோடு கலந்துவிடுகின்றன. மேலும் அளவு என்பதே நிலையானது அல்ல. கிளிசரின் ஜெல்லியில் பதித்த துகள் நாளடைவில் ஊதும். சிலிக்கோன் எண்ணெயில் இட்டது சுருங்கி நிற்கும். அமிலத்தில் கூடுதலாகச் சூடேறியது பருக்கும். ஒரே கதிரின் மகரந்தத்தை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கலாம். ‘பெரிய துகள் என்றால் வேளாண்மை’ என்ற ஐரோப்பிய அளவுகோலைக் கொண்டு கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உழவு எப்போது தொடங்கியது என்று தீர்ப்புச் சொல்வது சரியான முறையாகாது.

எல்லையை முதலில் கடந்தது மின்னணு நுண்ணோக்கி. ஊடுருவு வகையை எர்ன்ஸ்ட் ருஸ்கா 1930-களின் தொடக்கத்தில் பெர்லினில் உருவாக்கினார். அலகிடு மின்னணு நுண்ணோக்கி 1965-இல் கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஸ்டீரியோஸ்கேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மகரந்தவியலுக்கு இரண்டாவதுதான் பெரிய திருப்பம். உலர்ந்த துகளின் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் தங்கப் பூச்சு கொடுத்து, வெற்றிடத்தில் மின்னணுக் கற்றையால் வரிவரியாகத் தடவினால், மங்கலாகத் தெரிந்த மேற்பரப்பு மேடு பள்ளமாக எழுந்து வருகிறது. மக்காச்சோளத்தில் நுண்முட்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் தனித்தனியே நிற்பதும், கோதுமையில் அவை தீவுத்திட்டுகளாகக் கூடுவதும் இப்படித்தான் தெளிவாயின. இந்தியாவில் சதுர்வேதி, தத்தா, நாயர் ஆகியோர் நெல்லின் பேரினமான ஒரைசாவின் மகரந்த அமைப்பை ஒப்பிட்டு 1998-இல் கட்டுரை வெளியிட்டனர். பயிர்நெல்லையும் அதன் காட்டு உறவுகளையும் பிரிக்க வேண்டிய நாட்டுக்கு இத்தகைய வேலை அடிப்படையானது.

அலகிடு நுண்ணோக்கிக்குச் சில குறைகள் உண்டு. அவற்றை அறியாமல் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டக் கூடாது. அது தோலைக் காட்டும், தசையைக் காட்டாது. துகளின் ஒரு பக்கம்தான் தெரியும். தூண்களும் அடுக்குகளும் மறைந்தே இருக்கும். பறித்த பூவிலிருந்து நேரே எடுத்த துகளின் மேல், மகரந்தப்பையின் உள்ளுறை விட்டுச்செல்லும் மிக நுண்ணிய மணிகள் ஒட்டியிருப்பதும் உண்டு. ஒரு மைக்ரோமீட்டருக்கும் உட்பட்ட அந்த மணிகளைச் சுவரின் சொந்த நுண்முள் என்று எண்ணிவிட்டால் அடையாளம் புரண்டுவிடும். அசிட்டாலிசிஸ் செய்த துகளையும் செய்யாத துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இதற்கு வழி. ஊடுருவு நுண்ணோக்கி சுவரின் குறுக்குவெட்டைத் தூண், கூரை, நுண்குழாய் என்று பிரித்துக் காட்டும். ஆனால் துகளைப் பிசினில் பதித்து நூறு நானோமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். ஒரு நாள் காற்று மாதிரியில் சிக்கும் நூற்றுக்கணக்கான துகள்களுக்கு இது நடைமுறையில் ஒவ்வாது. தங்கம் பூசிய துகளை மீண்டும் ஒளி நுண்ணோக்கியில் எண்ணவும் முடியாது.

மூன்றாவது வழியைத் திறந்தது மகரந்தச் சுவரின் தன்னொளிர்வு. ஸ்போரோபொலெனின் மீது லேசர் ஒளி பட்டால், சாயம் ஏதுமில்லாமலே அது வேறு நிறத்தில் ஒளிரும். கன்போகல் நுண்ணோக்கி இந்த ஒளிர்வை ஓர் ஊசித்துளை வழியாக மட்டும் வாங்குகிறது. குவியத்தில் உள்ள தளத்தின் ஒளியே கருவியை எட்டும். மேலும் கீழும் உள்ள மங்கல் விலக்கப்படும். இப்படித் தளம் தளமாக எடுத்த படங்களை அடுக்கினால் துகள் முழுவதும் முப்பரிமாணத்தில் கிடைக்கும்; வெட்டவும் வேண்டாம், பூசவும் வேண்டாம். எண்ணுவதற்குப் பயன்பட்ட அதே ஸ்லைடை எடுத்துவந்து வைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

ஆனால் கன்போகலும் அபேயின் எல்லைக்குள்தான் நிற்கிறது. அதைத் தாண்டிய முறைகளில் மகரந்தத்துக்கு நெருக்கமானவை இரண்டு. கட்டமைப்பொளி நுண்ணோக்கி கோடுகோடான ஒளிப்பட்டையைத் துகளின் மேல் பல கோணங்களில் வீழ்த்தி, கோடுகளும் மேற்பரப்பு நுணுக்கமும் கலந்து எழுப்பும் அலைப்பின்னலிலிருந்து கணினி வழியாக நுணுக்கத்தை மீட்கிறது. பிரிதிறன் 100 முதல் 120 நானோமீட்டர் வரை வரும். ஏரிஸ்கேன் என்ற முறை ஒற்றை ஊசித்துளைக்குப் பதிலாக 32 நுண் உணரிகளைத் தேனடை வடிவில் வைத்து, வீணாகும் ஒளியையும் பயன்படுத்தி 140 நானோமீட்டர் அளவை எட்டுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாயாண்டி சிவகுரு, லூக் மேண்டர், சுரங்கி புண்யசேன முதலியோர் 2012-இல் மகரந்தத்தின் மேற்பரப்பையும் வடிவத்தையும் பதிவுசெய்யப் பல நுண்ணோக்கி முறைகளை ஒப்பிட்டனர். 2018-இல் சிவகுருவும் அவர் குழுவினரும் ஏரிஸ்கேனையும் கட்டமைப்பொளி முறையையும் நேருக்கு நேர் நிறுத்தினர். தட்டையான, மெல்லிய பொருளில் கட்டமைப்பொளி முறை கூர்மையானது. முப்பது மைக்ரோமீட்டர் தடிப்புள்ள, பழுப்பேறிய உருண்டையில் ஆழம் செல்லச் செல்ல அது தடுமாறும். முழுத்துகளையும் ஊடுருவிப் பார்க்க வேண்டிய வேலைக்கு ஏரிஸ்கேன் பொருத்தம். துகள் கூட்டங்களை அன்றாடம் பார்க்கும் ஆய்வகத்துக்கு இந்த வேறுபாடு கருவியின் விலையை விட முக்கியமானது.

படம் கூர்மையானால் பெயர் தானே வந்துவிடுமா? மேண்டரும் உடனாய்வாளர்களும் 2013-இல் பன்னிரண்டு புல்லினங்களின் அலகிடு நுண்ணோக்கிப் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, மேற்பரப்பின் நெருக்கத்தையும் ஒழுங்கையும் எண்களாக்கி வகைப்படுத்தச் செய்தனர். முக்கால் பங்குக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சரியான இனம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே படங்களை ஒன்பது பேரிடம் கொடுத்துப் பார்த்தனர். அவர்களின் சரித்தன்மை 46.67 விழுக்காட்டிலிருந்து 87.5 விழுக்காடு வரை பரந்து கிடந்தது. ஒரே படத்தை இரண்டு முறை காட்டியபோது அது அதே படம் என்று கண்டுகொள்ளாதவர்களும் இருந்தனர். ஒருவர் வகுத்த பிரிவு மற்றவருடையதோடு பொருந்தவில்லை. இந்த ஆய்வை மனிதக் கண்ணின் தோல்வியாகப் படிப்பதைவிட, ‘புல் குடும்பம்’ என்று ஒரே வரியில் எழுதிவந்தவர்களின் எச்சரிக்கை நியாயமானது என்பதற்குச் சான்றாகப் படிப்பதே பொருத்தம். கணினி ஒரே சீராக முடிவெடுக்கிறது என்பது அதன் வலிமை. தனக்குக் கற்பிக்கப்படாத பதின்மூன்றாவது புல் வந்தால் அதையும் பன்னிரண்டில் ஒன்றாகச் சொல்லக்கூடும் என்பது அதன் ஆபத்து. 2020-இல் இன்கிரிட் ரொமேரோவும் புண்யசேனவும் பிறரும் ஏரிஸ்கேன் படங்களைக் கொண்டு நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்துப் பயறுவகைக் குடும்பத்தின் தொல்மகரந்தத்தை வகைப்படுத்தினர். புற்களுக்கும் வழி அதுவே. ஆனால் பயிற்சிக்கான படங்கள் அந்தந்த நிலத்துப் புற்களுடையவையாக இருந்தால்தான் பலன்.

கும்மிடிப்பூண்டியின் காற்றில் இந்தச் சிக்கலோடு இன்னொன்றும் சேர்கிறது. காற்று மாதிரி எடுக்க உலகெங்கும் பயன்படுவது 1952-இல் ஹர்ஸ்ட் வடிவமைத்த முறையின் வழிவந்த பொறி. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு சன்னமான பிளவு வழியே உறிஞ்சி, மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும் பசைநாடாவில் மோதச் செய்கிறது. ஒரு நாடா ஏழு நாள் ஓடும். மலைக்காட்டில் வைத்த நாடாவில் மகரந்தமும் பூஞ்சை வித்தும் மிகுந்திருக்கும். அனல்மின் நிலையங்களின் காற்றுவழியில் வைத்த நாடாவில் நிலக்கரிச் சாம்பலும் புகைக்கரியும் இரும்புத்தூளும் சேர்ந்து படியும். சாம்பலின் கணிசமான பகுதி கண்ணாடி உருண்டைகள். உலையில் உருகிய களிமண் கனிமங்கள் துளித்துளியாக உறைந்தவை அவை. சில உள்ளே வெறுமையானவை. அளவில் புல் மகரந்தத்தோடு ஒத்துப்போகக் கூடியவை. ஓர் உருண்டையின் ஓரத்தில் உடைந்த வட்டத்துளை ஒன்று இருந்துவிட்டால், அவசரக் கண்ணுக்கு அது ஒற்றைத்துளைப் புல் மகரந்தம்தான்.

பிரித்தறியும் வழிகள் எளியவை, அனுபவத்தில் தேறியவை. ஃபுக்சின் சாயம் இட்டால் மகரந்தம் இளஞ்சிவப்பேறும், கண்ணாடி ஏறாது. முனைவுற்ற ஒளியில் குறுக்குவடிகட்டி வைத்தால் கண்ணாடி உருண்டை இருண்டுபோகும். முதிர்ந்த புல் துகளின் உள்ளே நிறைந்த மாவுமணிகளோ சிலுவைக் குறியோடு மின்னும். ஒளிர்வு நுண்ணோக்கியில் மகரந்தச் சுவர் ஒளிரும், சாம்பல் ஒளிராது. நாடா முழுதும் கரித்தூள் மூடியிருந்தாலும், ஒளிர்வை மட்டும் வடித்தெடுத்து எண்ணினால் மகரந்தம் தனித்து நிற்கிறது. தொழிற்பேட்டைக் காற்றை ஆராய்வோர் விலையுயர்ந்த பிரிதிறனைத் தேடும் முன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு இதுதான். அதன் பிறகு அலகிடு நுண்ணோக்கியில் இணைத்த எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு பயன்படும்: துகளின் மேல் ஒட்டிய தூசு சிலிக்கானும் அலுமினியமுமானால் நிலக்கரிச் சாம்பலோ மண்ணோ, இரும்பானால் உருக்கு உலை, காரீயமானால் பேட்டரிக் கூடம் என்று வந்த வழியைத் தேட முடியும். ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மகரந்தத்தின் புரதங்களை வேதிவகையில் மாற்றக்கூடியவை என்பது ஆய்வகங்களில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே தொழிற்பேட்டை ஓரத்து அறுகின் மகரந்தமும் கிராமத்து வரப்பின் அறுகு மகரந்தமும் இனத்தால் ஒன்றானாலும், மூச்சுக்குழாய்க்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒவ்வாமையில் பெயர் எந்த மட்டம் வரை தேவை என்பதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. புல் ஒவ்வாமைப் புரதங்களில் முதல் தொகுதி எல்லாப் புற்களிலும் உண்டு. ஐந்தாம் தொகுதி, குளிர்நாட்டுப் புற்கள் அடங்கிய கோதுமைத் துணைக்குடும்பத்துக்கே உரியது. அறுகும் மயில்கொண்டையும் வேறு துணைக்குடும்பம், கொழுக்கட்டைப் புல்லும் கரும்பும் இன்னொன்று, நெல் மற்றொன்று. ஐரோப்பியப் புல் சாறுகளைக் கொண்டு செய்யும் தோல்சோதனை தமிழ்நாட்டு நோயாளியின் நிலைமையை முழுதாகச் சொல்லிவிடாது. மருத்துவருக்கு இனப்பெயர் வரை போக வேண்டியதில்லை. காற்றில் மிதப்பது எந்தத் துணைக்குடும்பம் என்று மாதவாரியாகத் தெரிந்தாலே போதும். பிரிட்டனில் காற்றிலிருந்து எடுத்த மரபணுத் துணுக்குகளை வாசித்து, புல் பருவத்தில் வாரத்துக்கு வாரம் எந்தப் பேரினங்கள் மாறிமாறி வருகின்றன என்பதை 2019-இல் காட்டினார்கள். நுண்ணோக்கிக்கு அது போட்டியன்று. மரபணு பெயரைச் சொல்லும், ஒரு கனமீட்டரில் எத்தனை துகள், அவை முழுதா உடைந்தவையா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும்.

உடைந்தவையா என்ற கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. புல் துகள் மழைநீரில் ஊறி வெடித்தால், உள்ளிருக்கும் மாவுமணிகள் சிதறுகின்றன. ரை புல்லின் ஒரு துகளிலிருந்து ஏறத்தாழ 700 மணிகள் வெளிவருவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1992-இல் அறிவித்தனர். முழுத்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மூன்று மைக்ரோமீட்டருக்கும் சிறிய மணி நுரையீரலின் ஆழம் வரை போகும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக் காற்றோடு வந்த புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினர். பத்துப் பேர் இறந்தனர். திருவள்ளூர்க் கடலோரத்தில் புற்கள் செழித்துப் பூப்பதும் வடகிழக்குப் பருவமழையின் இடிமழைகளும் ஒரே மாதங்களில் வருகின்றன. நாடாவில் முழுத்துகளோடு சிதறிய மாவுமணிகளையும் எண்ணும் பழக்கம் இங்கே தொடங்கப்பட வேண்டியதற்கு அது போதிய காரணம்.

பழங்காலத்தைத் தேடுவோரின் நிலைமை வேறு. மகரந்தம் காற்றுப் புகாத சேற்றில் நிலைக்கும். காய்ந்து நனையும் செம்மண்ணிலும் சரளையிலும் சிதைந்துபோகும். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு அந்த வகையில் ஒரு காப்பகம். லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் அஞ்சும் ஃபரூக்கியும் ஜி.ஜி. வாஸும் 2000-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் பழவேற்காட்டுச் சேற்றைக் கொண்டு அண்மைப் புவியுகத்தின் கடல்மட்ட, காலநிலை ஏற்ற இறக்கங்களை எழுதினர். இத்தகைய படிவுகளில் சதுப்புநில மரங்களின் மகரந்தம் கடல் வந்து போன கதையைச் சொல்லிவிடும். புல்லின் கோடு உயர்ந்தால் மட்டும் விடை திறந்தே கிடக்கும்: காடு விலகிப் புல்வெளி பரந்ததா, கரையோர நாணல் பெருகியதா, நெல் வயல் வந்ததா? உயர்திறன் நுண்ணோக்கி மிகுந்த பயன் தரக்கூடிய இடம் இதுவே. நீலகிரியின் புல்வெளிச் சதுப்பில் இராமன் சுகுமாரும் பிறரும் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கரிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு வெப்பநாட்டுப் புல்லா குளிர்நாட்டுப் புல்லா என்று பிரித்தது. பழவேற்காட்டுச் சேற்றில் துகளின் மேற்பரப்பு, வேதியியல், நெல் இலையின் விசிறி வடிவ மணற்சத்துத் துகள் ஆகிய மூன்றையும் ஒரே படிவில் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

நெல் ஆராய்ச்சியில் தேவை எளிமையானது. ஐஆர் 20 இரகத்தின் பெற்றோரில் ஒன்றான டிகேஎம் 6 திரூரில் உருவானது. இத்தகைய நிலையங்களில் அன்றாடம் நடப்பது அயோடின் சோதனை: பூக்கும் காலையில் மகரந்தப்பையைக் கசக்கி ஒரு சொட்டு அயோடின் விட்டால், வளமான துகள் கருநீலமாகும், மலடு வெளிறி நிற்கும். நெல்லின் மகரந்தம் பை வெடித்த சில நிமிடங்களிலேயே உயிர்ப்பிழப்பதால் எல்லாம் வயலோரத்தில் முடிய வேண்டும். வெப்ப அலையில் ஏன் மலடு கூடுகிறது, துளையின் மூடி ஏன் திறக்கவில்லை என்ற கேள்விகளுக்கு மட்டுமே கன்போகல் வரை போக வேண்டியிருக்கும்.

கருவிகள் தமிழ்நாட்டில் இல்லாதவை அல்ல. சென்னை ஐஐடியின் நுண்பகுப்பாய்வுக் கருவி மையத்தில் அலகிடு நுண்ணோக்கியைக் கட்டணம் செலுத்தி வெளி ஆய்வாளர்களும் பயன்படுத்தலாம். பற்றாக்குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்த நுண்ணோக்கியும் துகளுக்குப் பெயரைத் தானாகச் சொல்லாது. பெயர் உறுதியான செடியின் துகளோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். அதற்கு ஒப்பீட்டுத் தொகுப்பு வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அத்தகைய தொகுப்பைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, மகரந்தவியலில் உலகப் பெயர் பெற்ற அவர் 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் அமெரிக்க விமானத்தில் கொல்லப்பட்டார். வெப்பமண்டலத் தாவரங்களின் பல்லாயிரம் ஸ்லைடுகள் கொண்ட அந்தத் தொகுப்பு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் ஒளி நுண்ணோக்கிக்காகச் செய்த தொகுப்பில் புல் இனங்களைப் பிரிக்க முடியாது. அதே செடியின் துகளைக் கன்போகலிலும் அலகிடு நுண்ணோக்கியிலும் பதிவுசெய்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

செடியின் பக்கம் அடித்தளம் வலுவாகவே இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார் 1921-இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் கையேடும், கேம்பிளும் ஃபிஷரும் எழுதிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியும், பின்னர் திருச்சி ரப்பினாட் உலர்தாவரகத்திலிருந்து கே.எம். மேத்யூ கொண்டுவந்த நூல்களும் புற்களுக்குச் சரியான பெயரைத் தருகின்றன. திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கென ஒரு தொகுப்பைத் தொடங்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான இனங்கள் முதலிலேயே வேண்டாம். காற்றில் மிகுதியாகத் தூள்விடும் பதினைந்து இருபது புற்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஓர் இடத்துச் செடியோடு நில்லாமல் வயல், ஏரிக்கரை, தொழிற்பேட்டை, கடற்கரை என நான்கு நிலங்களிலிருந்து பறிக்க வேண்டும்; ஓர் இனத்துக்குள்ளேயே உள்ள வேறுபாடு தெரியாமல் இரண்டு இனங்களுக்கு இடையேயான வேறுபாட்டை நம்ப முடியாது. பறித்த செடியை உலர்த்தி எண்ணிட்டு உலர்தாவரகத்தில் சேர்ப்பதும், பதிப்பு ஊடகத்தையும் அளந்த தேதியையும் ஸ்லைடின் மேலேயே எழுதுவதும் பின்னால் வருபவர் சரிபார்க்க உதவும்.

வயலில் இனி பறிக்க முடியாத புற்களுக்கும் வழியுண்டு. ஸ்போரோபொலெனின் அழியாததால், நூறாண்டுக்கு முன் உலர்த்தி ஒட்டிய தாளிலிருந்தும் ஒரு சிறுகதிரின் மகரந்தப்பையை எடுத்துத் துகளைப் பதிவுசெய்ய முடியும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத்தில் உள்ள சென்னை உலர்தாவரகம், மாகாணக் காலத்திலிருந்தே சேர்த்த தாள்களைக் காத்துவருகிறது. காப்பாளரின் இசைவோடு ஒரு தாளுக்கு ஒரு பை என்ற அளவில் எடுத்தால் தாளுக்குச் சேதமில்லை. எண்ணூரிலும் செங்குன்றத்திலும் பழவேற்காட்டிலும் ஆலைகள் வருமுன் பறித்த தாள்கள் கிடைக்குமானால், அந்தப் புற்களின் மகரந்தத்தையும் இன்றைய காற்றில் பிடிபடும் மகரந்தத்தையும் ஒரே ஏரிஸ்கேன் மேடையில் அடுத்தடுத்து வைத்து அளக்கலாம்.